நாலாம் படி

அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர், மேசைக்குப் பின்னால். இறால் சரக்குக்காரர், அவருக்கு எதிரே. இன்சூரன்ஸ்காரர், பையை மடியில் வைத்துக்கொண்டு. உள்கேட் கிளார்க் செல்வம், சுவரோரம். வெளிகேட் கிளார்க் ஜெபராஜ், அவன் பக்கத்தில். நான், நின்றுகொண்டு. சிஸ்டம் மேடம், கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

வேறு யாரும் இல்லை.

எனக்கு வேலை தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில். அங்கே குளிர்பெட்டிகள் வரும். உள்ளே மீன், இறால், கணவாய். கப்பல் ஏறும்வரை அந்தப் பெட்டிகளுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் பாயிண்டில் ஒயரைச் சொருகுவதும் கழற்றுவதும், குளிர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கைமெஷினில் போடுவதும் என் வேலை. முன்னால் சங்கு குளிக்கப் போனேன். இடது காது போய்விட்டது. பிறகு கரைவேலைக்கு வந்துவிட்டேன்.

ஒரு பெட்டி இறால் கெட்டுப்போனது. வேம்பார் பக்கத்துப் பண்ணை இறால். பெட்டி வந்த நாளிலிருந்து அதற்கு ஒயரே சொருகவில்லை. ஆனால் நான் மைனஸ் பதினெட்டு என்று போட்டிருக்கிறேன். அதுதான் விசாரணை.

"சொருகாத பெட்டிக்கு மைனஸ் பதினெட்டு எங்கனய்யா இருந்து வரும்?" என்றார் மேனேஜர். "ஒக்காந்த எடத்துல இருந்து போட்டிருக்கே."

"பார்த்துத்தான் போட்டேன் சார்."

"பார்த்தவனுக்கு நாத்தம் தெரியலையா?"

அன்றைக்கு என் வேலை போகும் என்று எனக்குத் தெரியும். ஐம்பது வயதில், ஒரு காதோடு, வேறு எந்த யார்டும் எடுக்காது. பொய் எழுதினவன் என்று பேரும் சேர்ந்தால் மீன்கம்பெனி வாசலில்கூட நிற்க முடியாது.

மேடம் கையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் முடிக்கட்டும் என்று இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் குணம் அது.

அவர் பெயரை நான் சொல்லவில்லை. யார்டில் யாரும் சொன்னதில்லை. சிஸ்டம் மேடம் என்றால் அவர்தான். நாசரேத்துக்காரர். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கணக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற வேலை. டேட்டாபேஸ் என்பார்கள். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, எந்தப் பாயிண்டில் இருக்கிறது, எந்த லாரி எடுக்க வருகிறது எல்லாம் அதற்குள்தான்.

வெளிர்நிறச் சேலைதான் கட்டுவார். முடியில் பூ இருக்காது. வாட்ச் வலது கையில். சாப்பிடும்போது கதவை உள்ளே பூட்டிக்கொள்வார். கேன்டீன் அக்கா ஒரு தடவை மீன்குழம்பு கொண்டுபோய்த் தட்டியிருக்கிறாள். "முடிச்சிட்டு வாரேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்திருக்கிறது. முடித்துவிட்டு வந்தார். குழம்பை வாங்கிக்கொண்டார். மறுநாள் மதியத்துக்கு அதை வைத்துக்கொண்டார்.

"என்ன பொம்பளயோ" என்றாள் அக்கா. "குழம்புக்குமாலே நம்பர் போட்டு வரிசையில நிக்கணும்?"

அவர் அதிகம் சொல்கிற வார்த்தை ஒன்றுதான். "முடிஞ்சுதா?"

யார் என்ன சொல்லப் போனாலும் அதுதான் முதல் கேள்வி. போனஸ் வருதாம் மேடம் என்று செல்வம் ஓடுவான். "கொடுத்து முடிஞ்சுதா?" இல்லை, பேச்சு நடக்கு. "அப்ப ஒண்ணும் நடக்கல." திரும்பிக்கொள்வார். ஜெபராஜுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். இவர் லட்டை வாங்கி மேசையில் வைத்தார். தின்னவில்லை. கல்யாணம் முடிந்து அவன் வேலைக்கு வந்த அன்றைக்கு, வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் அதிரசம் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். அந்தப் பழைய லட்டு எறும்பு ஏறிக் குப்பைக்குப் போயிருந்தது.

அவருக்கே ஒரு கல்யாணம் பேசி நின்றுபோனது என்று சிலர் சொல்வார்கள். சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் இல்லை என்றுவிட்டார்களாம். எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

என் பக்கம் வந்தால் வலது பக்கமாகத்தான் வந்து நிற்பார். இடது காது கேட்காது என்று நான் அவரிடம் சொன்னதில்லை. முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதும் இல்லை.

என் கைமெஷினில் அடிக்கடி வட்டம் சுற்றும். பாயிண்ட் நம்பரை அடிப்பேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வெயிலில் நிற்பேன். யார்டில் வெயில் என்றால் மேலிருந்து மட்டும் இல்லை, பெட்டியிலிருந்தும் வரும். ஒருநாள் வெகுநேரம் சுற்றியது. மெஷினை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். உள்ளே ஏசி. நின்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"உள்கேட்டுல யாரு இருக்கா?"

யாரோ என்னவோ சொன்னார்கள்.

"செல்வம் எங்க? டீக்கா? ஸ்கிரீனை முடிச்சிட்டுப் போனாரா?"

முடிக்கவில்லை. ஒரு பெட்டிக்குப் பாயிண்ட் போட ஆரம்பித்து, பாதியில் திறந்து வைத்துவிட்டு, வடை தின்னப் போய்விட்டான். அவன் தொட்ட பாயிண்டுகளை அவன் முடிக்கிறவரை வேறு யாரும் தொட முடியாது. நான் தொட முடியாது. ஜெபராஜ் தொட முடியாது. ஜெபராஜ் ஏற்கனவே வேறு சிலதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

செல்வம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன மேடம், ஒரு வடைதான்."

"கக்கூஸைப் பூட்டி சாவியைப் பையில போட்டுக்கிட்டு வடை தின்னப் போயிருக்கீங்க. வெளிய எத்தனை பேர் நிக்காங்கன்னு பாருங்க."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் போன பிறகு, நான் இன்னும் அங்கனயே நிற்பதைப் பார்த்து, நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க அண்ணாச்சி. மெஷின் சூடா இருக்கு. ஆறட்டும்."

மெஷின் சூடு இல்லை. நான்தான் சூடு. உட்கார்ந்தேன்.

கொஞ்சநேரம் கழித்து அவராகவே கேட்டார். "பாயிண்ட் காலியான்னு பாக்கப் போறீங்க. அங்க ஒருத்தன் ஒயரைக் கழத்திக்கிட்டு நிக்கான். இன்னும் முழுசாக் கழத்தல. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"கழத்தட்டும். பெறவு சொல்லுவேன்."

"அது ரெண்டாம் படி. கழத்தும்போதே காலின்னு சொல்லுறவன் முதல் படி. அவன் எங்கயும் நிக்க மாட்டான். அவனுக்கு வட்டமே சுத்தாது. முக்கால்வாசி நேரம் அவன் சொல்லுறது சரியாவும் இருக்கும்."

"மீதி?"

"கழத்த வந்தவன் மனசு மாறி, திரும்பச் சொருகிட்டுப் போயிட்டான்னா, இவன் பார்த்தது பொய்."

"மேல எத்தனை படி?"

"நாலு. மூணாம் படியில, நான் பார்த்த பாயிண்டை நான் முடிக்கிறவரைக்கும் யாரும் மாத்தக்கூடாது. நாலுல அதுவும் போதாது. பார்க்கிற வரிசையில புதுசா ஒண்ணு வந்து நிக்கவும் கூடாது. உலகத்துல நான் ஒருத்திதான் இருக்கேன்னு நெனச்சு வேலை பாக்கலாம்."

"நல்லாத்தானே இருக்கு."

"தப்பே வராது. மத்தவங்க எல்லாம் வெளிய நிப்பாங்க."

அதற்கு ஐசோலேஷன் என்று பெயராம். கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரியில் சொன்னார்களே, அதுவா என்றேன்.

"அதேதான். தனியா வைக்கிறது. எவ்வளவு தனியாங்கிறதுதான் படி."

பாயிண்ட் கொடுக்கிற வேலையை மட்டும் அவர் நாலாம் படியில் வைத்திருந்தார். மற்றதெல்லாம் ரெண்டு. இதை நான் கேன்டீனில் செல்வத்திடம் சொன்னேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"மேடமே நாலாம் படிதான அண்ணாச்சி. ஒரு ஆளு உள்ள போக முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூட்டத்தோடு இருந்தேன்.

ஒருநாள் மதியம் யார்டு நடுச்சந்தில் ரெண்டு டிரெய்லர் எதிரும் புதிருமாக நின்றுவிட்டது. ஒன்று பெட்டியோடு, ஒன்று வெறும் வண்டி. பெட்டிவண்டிக்கு வெறும் வண்டி நிற்கிற இடம் வேண்டும். வெறும் வண்டிக்குப் பெட்டிவண்டி நிற்கிற இடம் வேண்டும். ரெண்டு டிரைவரும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள்.

"ஏலே, பின்னால எடு."

"நீ எடுலே. நான் மொதல்ல வந்தேன்."

"எவம்லே மொதல்ல வந்தான்? என் டயர்த்தடத்தைப் பாரு."

"டயர்த்தடத்துல ஒம் பேரா எழுதியிருக்கு?"

செக்யூரிட்டி வந்தார். சூப்பர்வைசர் வந்தார். ஆளுக்கு ஒரு நியாயம். கடைசியில் மேடம் குடையோடு வந்தார். அவர் யார்டுக்குள் இறங்கி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ரெண்டு வண்டியையும் பார்த்தார். யார் முதலில் வந்தது என்று கேட்கவில்லை. வெறும் வண்டிக்காரனிடம் போனார்.

"நீங்க பின்னால எடுங்க."

"ஏன் மேடம்? நான் எளக்காரமா?"

"உங்க வண்டியில ஒண்ணும் இல்ல. பின்னால போனா உங்களுக்கு நட்டம் கம்மி. அவர் போனா அதிகம். அதுக்குத்தான். உங்க மேல தப்பு இல்ல."

அவன் முணுமுணுத்துக்கொண்டு எடுத்தான். சந்து திறந்தது.

திரும்பி நடக்கும்போது வலது பக்கம் வந்து சொன்னார். "சிஸ்டத்துலயும் இப்படித்தான் முட்டிக்கும். டெட்லாக். ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அடுத்தவன் கையில இருக்கிறதுக்காக நிப்பாங்க. விட்டா சாகிறவரைக்கும் நிப்பாங்க. அதனால சிஸ்டமே ஒருத்தனைப் பார்த்து, நீ போ, மறுபடி வான்னு தள்ளிரும்."

"யாரை?"

"கம்மியா வேலை பார்த்திருக்கவனை."

அதற்குப் பிறகு ஒரு கட்டளை போட்டார். ரெண்டு கேட்டிலும் முதலில் பாயிண்டைத் தொட வேண்டும், பிறகு பெட்டியை. ஒருத்தன் பாயிண்டிலிருந்து பெட்டிக்கு, இன்னொருத்தன் பெட்டியிலிருந்து பாயிண்டுக்கு என்று வரக்கூடாது. எல்லாரும் ஒரே பக்கமிருந்து வந்தால் எதிரும் புதிருமாக முட்டாது. செல்வம் பத்து நாள் முனகினான். முட்டுவது குறைந்தது. நிற்பது குறையவில்லை.

என் தம்பி தருவைகுளத்தில் படகுக்குப் போகிறவன். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். ஒருநாள் படகு திரும்பவில்லை. காற்றும் இருந்தது. கேன்டீனில் ஆளாளுக்கு ஒரு போன். கவிழ்ந்துவிட்டதாம். இல்லை, மண்டபம் பக்கம் ஒதுங்கியிருக்காம். மூன்று பேரைத் தூக்கிவிட்டார்களாம். ஒருத்தன் இல்லையாம். ஒவ்வொருத்தனும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினான். அக்கா என் தோளைத் தொட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் எழுந்து பெட்டிகளுக்கு நடுவில் போய் நின்றேன்.

மேடம் வந்தார். வலது பக்கம் நின்றார்.

"கரையிலிருந்து முடிஞ்ச சேதி வந்துதா?"

"இல்ல."

"கடைசியா முடிஞ்ச சேதி என்ன?"

யோசித்தேன். "காலையில கிளம்பும்போது போன் பண்ணினான். கருவாடு கொண்டுவாரேன்னான்."

"அப்ப அதுதான் சேதி. அடுத்தது வாரவரைக்கும் அதை மட்டும் வச்சுக்கிடுங்க. நடுவுல வாரதைப் பார்க்காதீங்க."

அவ்வளவுதான். போய்விட்டார்.

அதையே வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுதும் வேலை பார்த்தேன். கருவாடு கொண்டுவாரேன். மறுநாள் எஞ்சின் ரிப்பேரான படகை இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மேடத்திடம் போய், வந்துட்டான் என்றேன். "கரை ஏறியாச்சா?" ஏறியாச்சு. அப்போதுதான் அவர் முகம் அசைந்தது.

சிஸ்டத்திலும் அப்படி ஒரு வழி உண்டு என்று பிறகு சொன்னார். ஒருத்தன் எழுதிக்கொண்டிருக்கும்போது பார்க்க வருகிறவனை நிறுத்தவும் வேண்டாம், பாதியைக் காட்டவும் வேண்டாம். கடைசியாக முடிந்ததை ஒரு படம் எடுத்து வைத்து அதைக் காட்டலாம். காட்டினது பழசாக இருக்கலாம். பொய்யாக இருக்காது. ஆனால் படம் வைக்க இடம் வேண்டும். இப்போது இருக்கிற மெஷின் தாங்காது. பாயிண்ட் கொடுக்க அது மட்டும் போதவும் செய்யாது, பழைய படத்தைப் பார்த்து ரெண்டு பேர் ஒரே பாயிண்டைக் கேட்பார்கள், கடைசியில் ஒரு பூட்டு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். இருந்தாலும் சும்மா பார்க்க வருகிற கூட்டம் குறையும். பெரிய மெஷின் கேட்டு மேனேஜரிடம் சொல்லியிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்று நான் கேட்டேன்.

என்னைப் பார்த்தார். "பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். அப்ப முடியல."

இது ஒன்றைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்மா நாசரேத்தில் படுக்கையில் இருந்தார். அண்ணன் போன் பண்ணுவார். டாக்டர் இப்படிச் சொல்லுதார், அப்படி இருக்கும்போலத் தெரியுது என்று அவர் இழுக்கும்போதே, "டாக்டர் சொல்லி முடிச்சபெறவு கூப்பிடு" என்று மேடம் வைத்துவிடுவார். பிறகு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் நான் அறையில் இருக்கும்போது போன் வந்தது. கேட்டார். இடையில் பேசவில்லை. "சரி" என்றார். வைத்தார். திரையைப் பார்த்து மறுபடி தட்ட ஆரம்பித்தார். அன்றைக்குச் சிஸ்டத்தில் ஏதோ பெரிய வேலையைத் தொடங்கியிருந்தார். யார்டு முழுவதும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கத்தான் நானும் போயிருந்தேன்.

"என்ன மேடம்?"

"அம்மா இறந்துட்டாங்க."

"கிளம்புங்க. நான் ஆட்டோ பிடிக்கேன்."

"நடுவுல விட்டா எல்லாரும் நிப்பாங்க அண்ணாச்சி. முடிச்சிட்டுப் போறேன்."

முடித்தார். நான் கதவோரம் நின்றேன். எனக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. முடித்த பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் கிட்டே போகவில்லை. போகலாமா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, ஆட்டோ ஏறிப் போனார். துக்கத்துக்கு யார்டிலிருந்து நாலைந்து பேர் போனோம். அங்கேயும் அவர் தனியாகத்தான் இருந்தார். சொந்தக்காரப் பெண்கள் ஒரு பக்கம். இவர் ஒரு பக்கம்.

ஏற்றுமதி கூடின சமயம். கேட்டுக்கு வெளியே லாரி நின்றது. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஏஜெண்டுகள் மேனேஜருக்குப் போன் பண்ணி ஏசினார்கள். அவர் மேடத்தின் அறைக்கு வந்தார். நான் மெஷினைச் சார்ஜில் போட்டுவிட்டு அங்கேதான் நின்றேன். என்னை அவர் ஆளாகவே எண்ணவில்லை.

"மேடம், பக்கத்து யார்டுல இப்படி நிக்கதா? சிஸ்டத்தைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க."

"பாயிண்ட் கொடுக்கிறதை இறக்கக்கூடாது சார். பாதி எழுதினதைப் பார்த்துப் பாயிண்ட் கொடுத்துரும்."

"எத்தனை தடவை அப்படி வரும்?"

"அபூர்வமா."

"அபூர்வத்துக்காக நான் தெனமும் ஏச்சு வாங்கணுமா?"

"பெரிய மெஷின் வாங்கினா வேற வழி இருக்கு."

"அது அடுத்த வருஷம். இப்ப இறக்குங்க. நான் சொல்லுதேன்ல."

மேடம் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு தட்டினார். முதல் படி.

மறுநாள் கைமெஷினில் வட்டம் இல்லை. அடித்த உடனே வந்தது. லாரி வழுக்கிக்கொண்டு போனது. செல்வம் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். மேனேஜர் மேடத்தின் அறைக்கு வந்து கைகூப்பிவிட்டுப் போனார். மேடம் மட்டும் சாயங்காலம் ஒரு தடவை வெளியே வந்து, குளிர்பெட்டி வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவார். எதையோ தேடுகிறமாதிரி. நான் கேட்கவில்லை.

இறால் கெட்டது இப்படித்தான். வெளிகேட்டில் ஜெபராஜ் ஒரு பெட்டியை அனுப்பப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெட்டியின் பாயிண்ட் காலி என்று பாதி எழுதியாகிவிட்டது. அதற்குள் டிரைவர் கொண்டுவந்த பேப்பர் சரியில்லை என்று தெரிந்து ரத்துப் பண்ணினான். பெட்டி நின்ற இடத்தில் நின்றது. ஒயரும் சொருகியபடி இருந்தது. ஆனால் அந்த இடைவெளியில் உள்கேட்டில் செல்வம் பாயிண்ட் தேடினான். சிஸ்டம், இது காலி என்று சொன்னது. அங்கே இறால்பெட்டியைப் போட்டான். ரெண்டு பேர்மேலும் தப்பு இல்லை.

கிரேன்காரன் போனான். இடத்தில் ஏற்கனவே பெட்டி. பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். காலிக் குளிர்பெட்டிகளும் அங்கன நிற்கும். அதுக்கு ஒயர் வேண்டாம். இதுவும் காலி என்று நினைத்தேன். சொருக வேண்டிய பெட்டி எது என்று எனக்குச் சொல்வது கைமெஷின். அது பாயிண்டைப் பார்த்தது. பாயிண்டில் ஒயர் இருக்கிறது. வேலை முடிந்தது என்று விட்டுவிட்டது. நான் குளிர் பார்த்துப் போடுவதும் பாயிண்ட் நம்பரில்தான். பழைய பெட்டி மைனஸ் பதினெட்டில் நல்லாத்தான் இருந்தது. அதைப் போட்டேன். அது இறால்பெட்டியின் பேரில் ஏறியது.

காக்கைதான் முதலில் கண்டுபிடித்தது. பெட்டி மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தது. கதவு இடுக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியிருந்தது.

விசாரணை அறைக்கு வருகிறேன்.

மேனேஜர் கடைசியாகச் சொன்னார். "இதுல சிஸ்டத்தைக் கொண்டுவர வேண்டாம். ஆள் தப்பு. ஆளை நிறுத்திட்டோம்னு எழுதிக்கிடுங்க."

இன்சூரன்ஸ்காரர் பேனாவை எடுத்தார். செல்வம் தரையைப் பார்த்தான். ஜெபராஜும் பார்த்தான்.

"முடிஞ்சுதா சார்?" என்றார் மேடம்.

"உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல மேடம். நீங்க போகலாம்."

"முடிஞ்சுதான்னு கேட்டேன்."

"முடிஞ்சுது."

எழுந்து நின்றார். "அண்ணாச்சி எழுதின மைனஸ் பதினெட்டு நிஜம். அவர் ஒயரைத் தொட்டுப் பார்த்துத்தான் எழுதினார். அது வேற பெட்டியோட குளிர். ரெண்டு பெட்டிக்கு ஒரே பாயிண்டைச் சிஸ்டம் கொடுத்திருக்கு. பாதி எழுதினதைப் பார்க்கலாம்னு விட்டதால கொடுத்துச்சு. விட்டது நான்."

சரக்குக்காரர் முகத்திலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். "ஏம்மா விட்டீங்க?"

மேடம் பதில் சொல்லுமுன் நான் சொன்னேன். "சார்தான் இறக்கச் சொன்னாரு. நான் அங்கன நின்னேன்."

மேனேஜர் முகம் கறுத்தது. "நீ வாயை மூடு."

மேடம் என் பக்கம் திரும்பினார். அறையில் அத்தனை பேர் இருக்கும்போது, வழக்கம்போல வலது பக்கம் வந்து நின்று சொன்னார்.

"அவர் கேட்டார் அண்ணாச்சி. கேட்கிறது முடிஞ்ச வேலை இல்ல. செஞ்சது நான். தெரிஞ்சுதான் செஞ்சேன்." பிறகு இன்சூரன்ஸ்காரரிடம். "அப்படியே எழுதுங்க."

எழுதினார். என் பேர் அதில் இல்லை.

மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்."

"சரி சார். ஒரு வேலை இருக்கு. முடிச்சிட்டுப் போறேன்."

தன் அறைக்குப் போனார். நான் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன். தட்டினார். கொஞ்சநேரம்தான். திரையை அணைத்தார். தட்டுகிற பலகைமேல் துணியைப் போட்டார்.

"நாலுல வச்சுட்டேன்" என்றார்.

"சார் மறுபடி இறக்கச் சொல்லுவாரு."

"சொல்லட்டும். வேற ஆள் வந்து இறக்கணும். அதுவரைக்கும் உங்க மெஷின் பொய் சொல்லாது."

டிபன்பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டார். வேறு எதுவும் அந்த அறையில் அவருடையது இல்லை. சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்தார்.

நான் கூடப் போனேன். போகவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கேட்டில் ஜெபராஜ் போனில் கத்திக்கொண்டிருந்தான், சுத்துது சுத்துது என்று. வெளியே டிரைவர்கள் இறங்கி நின்றார்கள். ஒருத்தன் எங்களைப் பார்த்து, "என்னவே, உங்க சிஸ்டம் செத்துப்போச்சா?" என்றான். உப்புக்காற்று அடித்தது. அவர் குடையை விரித்தார், காற்று திருப்பியது, மடக்கிக்கொண்டார்.

அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. நன்றி என்பது இல்லை. வேறு. அவர் நடந்தார். நான் அவருக்கு இடது பக்கம் நடந்தேன், அவர் பேசினால் கேட்கட்டும் என்று. பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்படியே போனோம். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. போன் நம்பர் அன்றைக்கும் கேட்கவில்லை.

பஸ் வந்தது. முன்வாசலில் ஏறினார். ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கம் உட்கார்ந்தார். பஸ் போனது.

திரும்பி வரும்போது செய்ய ஒன்றும் இல்லை. ரோட்டோரம் கேட்டுவரை லாரி வரிசையாக நின்றது. எண்ணிக்கொண்டே வந்தேன்.

நாற்பத்தொன்று.